பிறவி எதிர்ப்புக் குறைபாடும் புற்றுநோயும்

நோய் எதிர்ப்பு மண்டலம் பிறவியிலேயே பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. பிறந்த பிறகு ஒரு கிருமியாலோ மருந்தாலோ வந்து சேரும் பலவீனம் அல்ல இது. உடலின் ஏதோ ஒரு மரபணுவில் எழுத்துப்பிழை இருக்கும். அதனால் வெள்ளை அணுக்களில் ஒரு வகை உருவாகாமலே போகும், அல்லது உருவாகியும் வேலை செய்யாது. எச்.ஐ.வி.யால் வரும் எய்ட்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றவும் செய்யாது. இப்படிப்பட்ட நோய்கள் 500 வகைக்கு மேல் இன்று அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. திரும்பத் திரும்ப நிமோனியா, காதில் ஓயாத சீழ், வாயில் வெண்பூஞ்சை, எடை ஏறாத உடம்பு என்று பெரும்பாலும் தொற்றுகளாகவே இவை தலைகாட்டும். ஒரு காலத்தில் அந்தத் தொற்றிலேயே பெரும்பாலான பிள்ளைகள் இறந்தார்கள். ஆன்டிபயாட்டிக்கும், ரத்தக் கொடையாளர்களின் ஆன்டிபாடி அடங்கிய இம்யூனோகுளோபுலினும் வந்து, பிழைத்து வளரும் பிள்ளைகள் பெருகிய பிறகுதான் அடுத்த ஆபத்து வெளிச்சத்துக்கு வந்தது. அது புற்றுநோய்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றிய ராபர்ட் குட், எதிர்ப்பாற்றல் மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவர். அவரும் ரிச்சர்ட் கட்டியும் 1971-இல், அதுவரை ஆங்காங்கே பதிவாகியிருந்த நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, பிறவி எதிர்ப்புக் குறைபாடு உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வழக்கத்தைவிட மிக அதிகமாக வருகிறது என்று எழுதினார்கள். அதை அடுத்து இதற்கென்றே ஒரு பதிவேடும் தொடங்கப்பட்டது. இவர்களில் 100-க்கு 4 முதல் 25 பேருக்குப் புற்றுநோய் வரலாம் என்ற கணக்கு பாடநூல்களில் நெடுநாள் நின்றது. 4-க்கும் 25-க்கும் இடையிலான தூரத்தைப் பார்த்தாலே ஒன்று விளங்கும்: ஒரே நோயின் கணக்கு அல்ல இது, பல நோய்களை ஒரே கூடையில் போட்ட கணக்கு.

அந்தக் கூடையைப் பிரித்துப் பார்த்த ஆய்வுகள் வேறொரு சித்திரத்தைக் காட்டுகின்றன. அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் இருந்த 3,658 நோயாளிகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு முக்கியமானது. மொத்தப் புற்றுநோய் விகிதம் பொதுமக்களைவிட 1.42 மடங்குதான். ஆண்களிடம் அது ஏறத்தாழ இரு மடங்கு. பெண்களிடம் மொத்தக் கணக்கில் உயர்வே இல்லை. ஆனால் லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றை மட்டும் தனியே எடுத்தால் ஆண்களிடம் 10 மடங்கு, பெண்களிடம் 8 மடங்குக்கு மேல். அதே சமயம் ஊரில் எல்லோருக்கும் பரவலாக வரும் நுரையீரல், பெருங்குடல், மார்பகம், புராஸ்டேட் புற்றுநோய்கள் இவர்களிடம் கூடுதலாக இல்லை. எதிர்ப்பாற்றல் குறைந்தால் எல்லாப் புற்றும் வரும் என்ற பொதுவான அச்சத்துக்கு இந்த ஒரு முடிவே போதுமான பதில்.

அந்த அச்சத்துக்கு ஒரு பழைய கொள்கையும் துணை நின்றது. உடலில் நாள்தோறும் தோன்றும் கெட்ட செல்களை எதிர்ப்பு மண்டலம் கண்டுபிடித்து அழித்துக்கொண்டே இருக்கிறது என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பால் எர்லிக் கருதினார். 1950-களில் லூயிஸ் தாமஸும் மெக்ஃபார்லேன் பர்னெட்டும் அதை ஒரு கொள்கையாக வளர்த்தார்கள். 1970-களில், தைமஸ் சுரப்பி இல்லாத எலிகளுக்குப் புற்று அதிகமாக வரவில்லை என்று தெரிந்ததும் கொள்கை ஆட்டம் கண்டது. 2001-இல் ராபர்ட் ஷ்ரைபர் குழு, டி, பி ஆகிய இருவகை லிம்போசைட் வெள்ளை அணுக்களும் அறவே இல்லாத எலிகளிடம் கட்டிகள் கூடுவதைக் காட்டியதும் மீண்டும் நிலைபெற்றது. கொள்கை பொய்யில்லை. ஆனால் மனிதக் குழந்தைகளிடம் நடப்பதை விளக்க அது மட்டும் போதாது. எந்த மரபணு பழுது என்பதைப் பொறுத்து, புற்று வந்து சேரும் வழியே வேறாகிறது.

முதல் வழி, வைரஸ். 1964-இல் லண்டனில் ஆன்டனி எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் ஆச்சாங் மூவரும், உகாண்டாவிலிருந்து வந்த பர்கிட் லிம்போமாக் கட்டியின் செல்களில் ஒரு புதிய வைரஸைக் கண்டார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமாக இ.பி.வி. உலகில் வளர்ந்தவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் இதைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறார்கள். சிறு வயதில் சாதாரணக் காய்ச்சலாக வந்து போகும். பிறகு ஆயுள் முழுக்கப் பி செல்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். அது குடியேறும் பி செல்லைப் பெருகச் சொல்லித் தூண்டுவது அதன் இயல்பு. டி செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும் அப்படிப் பெருகுபவற்றை உடனுக்குடன் அழித்துவிடுவதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. அழிக்க ஆள் இல்லாத உடலில் பெருக்கம் நிற்காது.

இதை உலகுக்கு உணர்த்தியது ஒரு சிறுவனின் மரணம். அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த டேவிட் வெட்டர் 1971 செப்டம்பரில் பிறந்தான். டி செல்களே உருவாகாத கடும் கூட்டு எதிர்ப்புக் குறைபாடு அவனுக்கு. அவனுக்கு முன் பிறந்த அண்ணனும் அதே நோயில் ஏழு மாதத்தில் இறந்திருந்ததால், மருத்துவர்கள் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தார்கள். பிறந்த சில நொடிகளிலேயே கிருமி நீக்கிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் அவனை வைத்தார்கள். 12 வருடம் அதற்குள்தான் வளர்ந்தான். பொருந்தும் மஜ்ஜை யாரிடமும் கிடைக்கவில்லை. கடைசியில் 1983 அக்டோபரில், முழுதாகப் பொருந்தாத அக்காவின் எலும்பு மஜ்ஜையைப் பக்குவப்படுத்திச் செலுத்தினார்கள். அந்த மஜ்ஜையில் இ.பி.வி. இருந்தது, அன்றைய சோதனைகளில் அது தெரியவில்லை. சில மாதங்களில் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, குடலில் ரத்தக்கசிவு. 1984 பிப்ரவரியில் கூடாரத்தை விட்டு வெளியே கொண்டுவரப்பட்டு, இரண்டு வாரத்தில் இறந்தான். உடற்கூறாய்வில் உள்ளுறுப்புகளெங்கும் பி செல் கட்டிகள் இருந்தன. 12 வருடம் கிருமிகளிடமிருந்து காக்கப்பட்ட உடலில், நுழைந்த சில மாதங்களில் ஒரு வைரஸ் புற்றாக மாறியது. மனிதனில் வைரஸ் புற்றை உண்டாக்கும் என்பதற்கு இவ்வளவு நேரடியான சான்று அதற்கு முன் அரிது.

டேவிட்டின் உடலில் டி செல் படையே இல்லை. வேறு சிலரிடம் படை இருக்கும், இ.பி.வி.யை எதிர்க்கத் தேவையான ஒரே ஒரு புரதம் இருக்காது. மற்ற வைரஸ்களை ஓரளவு நன்றாகவே சமாளிக்கும் ஆண் குழந்தை இந்த ஒரு வைரஸிடம் மட்டும் தோற்றுப்போகும். டேவிட் பர்டிலோ 1975-இல் ஒரே குடும்பத்துப் பையன்கள் அடுத்தடுத்து இறந்ததை வைத்து விவரித்த நோய் அது. எக்ஸ் குரோமோசோம் வழியாகத் தாயிடமிருந்து மகனுக்கு வரும். காரணமான மரபணு 1998-இல் பிடிபட்டது. இ.பி.வி. தாக்கியதும் சிலருக்குக் கல்லீரலும் மஜ்ஜையும் சில நாட்களில் சீர்குலையும். சிலருக்குப் பிறகு லிம்போமா வரும். தாய்வழிக் குடும்பத்தில் ஆண் குழந்தைகள் மட்டும் காய்ச்சலிலோ ரத்தப் புற்றிலோ போன கதை இருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். குடும்பங்கள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை.

இ.பி.வி. பி செல்லைப் பிடிக்கிறது என்றால், மனிதப் பாப்பிலோமா வைரஸ் தோலையும் சளிச்சவ்வையும் பிடிக்கிறது. சாதாரண மரு எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்து, தானாக உதிர்ந்தும் போகும். கை, கால், முகமெங்கும் பரவி, வருடக்கணக்கில் போகாத மரு வேறு விஷயம். லெவண்டோவ்ஸ்கியும் லுட்ஸும் 1922-இல் விவரித்த ஒரு தோல் நோயில், தட்டையான மருக்கள் சிறுவயதிலேயே உடம்பெங்கும் படர்கின்றன. 30, 40 வயதுக்குள், வெயில் படும் நெற்றியிலும் கைகளிலும் அவற்றில் சில புற்றாகின்றன. அதற்குக் காரணமான பாப்பிலோமா வகைகள் மற்றவர்கள் தோலிலும் ஓசையின்றி வாழ்பவைதான். 2009-இல் கண்டறியப்பட்ட டாக்8 குறைபாட்டிலும், 2011-இல் கண்டறியப்பட்ட காட்டா2 குறைபாட்டிலும் இதே போலப் போகாத மருக்கள் வருகின்றன. டாக்8 பிள்ளைகளுக்குக் கடுமையான கரப்பானும் உணவு ஒவ்வாமையும் சேர்ந்திருக்கும். காட்டா2 குறைபாடோ பெரும்பாலும் இளவயதில் வெளிப்பட்டு, மஜ்ஜை வற்றி ரத்தப் புற்றுக்கு இட்டுச்செல்லும். மருவுக்காகத் தோல் மருத்துவரிடம் வருபவருக்கு ஒரு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை எழுதுவது பெரிய செலவில்லை. அதில் மோனோசைட் என்ற வெள்ளை அணு அநேகமாக இல்லவே இல்லை என்று வந்தால், அந்த ஒரு வரி காட்டா2 பக்கம் கைகாட்டிவிடும்.

இரண்டாவது வழிதான் மிக ஆழமானது. உடலின் மற்ற செல்கள் தம் டி.என்.ஏ.வை முறியாமல் காப்பாற்றப் பாடுபடுகின்றன. லிம்போசைட்டுகளோ அதைத் தாமே வெட்டுகின்றன. லட்சக்கணக்கான கிருமிகளுக்கு லட்சக்கணக்கான ஆன்டிபாடி வேண்டும். அத்தனைக்கும் தனித்தனி மரபணு வைக்க இடம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு பி செல்லும் டி செல்லும் வளரும்போது சில மரபணுத் துண்டுகளை, தையற்காரர் துணியை வெட்டி வெவ்வேறு விதமாகச் சேர்த்துத் தைப்பது போல, வெட்டி மாற்றி இணைத்துக்கொள்கிறது. வெட்டிய முனைகளைப் பத்திரமாகப் பிடித்து ஒட்டும் பழுதுபார்ப்புப் புரதங்கள் இல்லாவிட்டால் இரண்டு கேடு விளையும். ஒட்டப்படாத செல் செத்துப்போவதால் எதிர்ப்பாற்றல் குறையும். 14-ஆம் குரோமோசோமின் முனை தவறிப் போய் 7-ஆம் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டால் அந்தச் செல் புற்றுச் செல்லாகலாம். இங்கே எதிர்ப்பாற்றல் குறைந்ததால் புற்று வரவில்லை. குறைபாடும் புற்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இம்யூனோகுளோபுலின் கொடுத்துத் தொற்றைத் தடுத்தாலும் இந்தப் புற்று தடுக்கப்படாது என்பது அதன் நேரான பொருள்.

அட்டாக்சியா டிலாஞ்சியெக்டேசியா இந்த வகையின் தலையாய நோய். சுருக்கமாக ஏ-டி. பிள்ளை ஏறத்தாழ உரிய வயதிலேயே நடக்கத் தொடங்கும். ஆனால் நடை உறுதிப்படாது. மற்றப் பிள்ளைகள் ஓடும் வயதில் இது தள்ளாடும். பேச்சு குழறும், பார்வையைத் திருப்பச் சிரமப்படும். நான்கைந்து வயதுவாக்கில் கண்ணின் வெள்ளைப் பகுதியில் மெல்லிய சிவப்பு ரத்தக் கோடுகள் படரும். கண் வலி என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள். நீர் வடியாது, பீளை கட்டாது, சிவப்பு மட்டும் போகாது. பத்து வயதை ஒட்டிப் பெரும்பாலானவர்கள் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். டெல் அவீவின் யோசெஃப் ஷிலோ குழு 1995-இல் இதற்குக் காரணமான ஏ.டி.எம். மரபணுவைக் கண்டறிந்தது. டி.என்.ஏ.வின் இரு இழையும் முறிந்தால் அதை உணர்ந்து, பழுதுபார்க்கும் வரை செல் பிரியாமல் நிறுத்திவைப்பது அந்த மரபணு தரும் புரதத்தின் வேலை. பிரான்சில் 279 ஏ-டி நோயாளிகளை ஆராய்ந்தபோது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் புற்று வந்திருந்தது. சிறுவயதில் லிம்போமாவும் லுகேமியாவும். வயது ஏறினால் உறுப்புகளில் கட்டிகள்.

ஏ-டி பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. சிகிச்சையே இவர்களைக் கொல்லக்கூடும். நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை, புற்றுச் செல்லின் டி.என்.ஏ.வை முறித்தே அதை அழிக்கிறது. பக்கத்திலிருக்கும் நல்ல செல்கள் அந்த முறிவைச் சரிசெய்துகொண்டு பிழைக்கும் என்பதுதான் அந்தச் சிகிச்சையின் அடிப்படை. ஏ-டி பிள்ளையின் நல்ல செல்களால் அது முடியாது. நோய் இன்னதென்று அறியாமல் வழக்கமான அளவில் கதிர்வீச்சுக் கொடுத்துத் திசுக்கள் வெந்து பிள்ளைகள் இறந்ததை 1960-களின் இறுதியிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கீமோ மருந்துகளிலும் கவனம் வேண்டும். டி.என்.ஏ.வை முறிக்கும் பிளியோமைசின் போன்றவை ஆகாது. மற்றவற்றிலும் பலவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். சில பிள்ளைகளுக்கு நடைத் தள்ளாட்டம் வெளிப்படுவதற்கு முன்பே லுகேமியா வந்துவிடுகிறது. ஆகவே ரத்தப் புற்றுக்குச் சிகிச்சை தொடங்கும்போது குழந்தையின் நடையையும் கண்ணையும் ஒருமுறை பார்ப்பது அவசியம். ஐயம் வந்தால் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்ற எளிய ரத்தப் பரிசோதனை போதும். இரண்டு வயதுக்கு மேல் ஏ-டி பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது உயர்ந்தே இருக்கும். பெரிய மரபணுச் சோதனைக்கு அனுப்பும் முன்பே உள்ளூர் ஆய்வகத்தில் செய்துவிடலாம்.

ஸ்லாவிய மக்களிடையே கூடுதலாகக் காணப்படும் நைமேகன் நோயும், நியூயார்க் தோல் மருத்துவர் டேவிட் புளூம் 1954-இல் விவரித்த நோயும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நைமேகன் நோயில் 20 வயதுக்குள் பத்தில் நால்வருக்குப் புற்று வருகிறது. இந்த நோய்கள் எல்லாவற்றிலும் தேவையற்ற எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் தவிர்க்கப்பட வேண்டும், அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் கதிர்வீச்சு இல்லாதவை.

மூன்றாவது வழி, ஓயாத அழற்சி. வளர்ந்தவர்களிடம் அதிகமாகக் காணப்படும் பொது மாறுபடு எதிர்ப்புக் குறைபாட்டில் ஆன்டிபாடி போதிய அளவு சுரப்பதில்லை. பிரிட்டனில் 1985-இல் வெளியான ஆய்வு, இவர்களுக்கு இரைப்பைப் புற்று 47 மடங்கும் லிம்போமா 30 மடங்கும் கூடுதல் என்றது. டென்மார்க், ஸ்வீடன் பதிவேடுகளை வைத்து 2002-இல் செய்த கணக்கில் இரண்டும் 10, 12 மடங்கு என்ற அளவுக்கு இறங்கின. சிறு எண்ணிக்கையில் செய்த பழைய ஆய்வு மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனாலும் 10 மடங்கு லேசான விஷயம் இல்லை. இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி நீண்டகாலப் புண்ணையும் அழற்சியையும் உண்டாக்கி, சுவரை மெலிய வைத்து, இறுதியில் புற்றுக்கு வழிவிடுகிறது. பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்கு 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் போய்விடும் கிருமிக்காக ஒருவர் இரைப்பைப் புற்றில் விழுவது தவிர்க்கப்பட வேண்டியது.

அதைத் தேடும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. பல தொற்றுகளை ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியை வைத்தே ஆய்வகங்கள் கண்டுபிடிக்கின்றன. ஆன்டிபாடியே சுரக்காத உடலில் அந்தச் சோதனை ‘இல்லை’ என்று சொன்னால் அதை நம்ப முடியாது. மாதந்தோறும் இம்யூனோகுளோபுலின் ஏற்றிக்கொள்பவருக்கு ‘இருக்கிறது’ என்று வந்தாலும் நம்ப முடியாது. ஆயிரக்கணக்கான ரத்தக் கொடையாளர்களின் ஆன்டிபாடி அந்த மருந்தில் கலந்திருக்கிறது. ஆகவே ஹெலிகோபாக்டருக்கு மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை அல்லது எண்டோஸ்கோபியில் எடுத்த சதை; இ.பி.வி.க்கு வைரஸின் டி.என்.ஏ.வையே எண்ணும் பி.சி.ஆர். எச்.ஐ.வி. உட்பட மற்றத் தொற்றுகளுக்கும் இதே விதிதான்.

வேறு சில வழிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வேலை முடிந்த லிம்போசைட்டுகள் தாமாகச் சாக வேண்டும். அதற்கான ஃபாஸ் மரபணு பழுதானால் அவை குவிந்துகொண்டே போய், நெறியும் மண்ணீரலும் பெருத்து, ஹாட்ஜ்கின் லிம்போமா ஆபத்து ஏறத்தாழ 50 மடங்காகிறது. பி.ஐ.3 கைனேஸ் என்ற நொதி ஓய்வின்றித் தூண்டப்பட்டுக் கிடக்கும் நோயிலும் லிம்போமா வருகிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு பிறவியிலேயே குறைந்திருக்கும் நோயை ஸ்வீடனின் ரோல்ஃப் கோஸ்ட்மன் 1956-இல் விவரித்தார். அந்தப் பிள்ளைகளுக்கு நியூட்ரோஃபிலைப் பெருக்கும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி உயிர் தந்தது. அப்படிப் பிழைத்தவர்களில், 15 வருட முடிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மஜ்ஜைக் கோளாறோ லுகேமியாவோ வந்ததைச் சர்வதேசப் பதிவேடு காட்டியது. ஊசியின் அளவு கூடக் கூடத் தேவைப்படுபவர்களுக்கு ஆபத்தும் கூடுதல். அவர்களுக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை முன்கூட்டியே யோசிக்கிறார்கள்.

விஸ்காட்-ஆல்ட்ரிச் நோயைத் தனியே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்கும் துப்பு சாதாரண ரத்த அறிக்கையிலேயே அச்சாகி வருகிறது. 1937-இல் மியூனிக்கின் ஆல்ஃப்ரெட் விஸ்காட் மூன்று சகோதரர்களிடம் பார்த்தது: மலத்தில் ரத்தம், கரப்பான், ஓயாத காதுத் தொற்று. அவர்களுடைய சகோதரிகள் நலமாக இருந்தார்கள். 1954-இல் ராபர்ட் ஆல்ட்ரிச் இது தாய் வழியாக மகன்களுக்கு வருவதை நிறுவினார். இந்தப் பையன்களுக்கு ரத்தத் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவு, அளவிலும் சிறியவை. தட்டணு குறைந்ததும், வேறொரு பொதுவான ரத்தக் கோளாறு என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்துக் காலம் கடத்துவது வழக்கமாக நடக்கும் தவறு. அந்தப் பொதுவான கோளாறில் தட்டணு பெரும்பாலும் பெரிதாக இருக்கும். சராசரித் தட்டணுக் கனஅளவு என்ற எண்ணைப் பார்த்தாலே இரண்டும் பிரிந்துவிடும். ஆண் குழந்தை, கரப்பான், சிறிய தட்டணு மூன்றும் சேர்ந்தால் மரபணுச் சோதனைக்கு அனுப்பத் தயங்கக் கூடாது. சிகிச்சையின்றி வளர்பவர்களில் எட்டில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை புற்றுக்கு ஆளானதாகப் பழைய கணக்குகள் சொல்கின்றன. பெரும்பாலும் லிம்போமாதான்.

புற்று வந்ததைக் கண்டுபிடிப்பதும் இவர்களிடம் எளிதல்ல. கழுத்தில் நெறி கட்டுவது இந்தப் பிள்ளைகளுக்கு வாடிக்கை. தொற்றாலும் கட்டும், காரணமின்றியும் பெருத்துக் கிடக்கும். இந்தியாவில் நெறி கட்டினால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். ஊசியால் உறிஞ்சி எடுத்த சிறு துளியில் குருணைக்கட்டி தெரிந்தால் ஆறு மாதம் காசநோய் மாத்திரை தொடங்கிவிடுவார்கள். ஆன்டிபாடிக் குறைபாட்டில் காசநோய் இல்லாமலே குருணைக்கட்டி வரும். லிம்போமாவும் அருகில் இருக்கலாம். பெட் ஸ்கேனிலும் அழற்சியும் புற்றும் ஒன்றுபோலவே ஒளிரும். முழு நெறியையும் வெட்டி எடுத்து, எதிர்ப்புக் குறைபாடு இருக்கிறது என்ற குறிப்புடன் நோயியல் வல்லுநருக்கு அனுப்பினால்தான் தெளிவு கிடைக்கும். அந்தக் குறிப்பு இல்லாமல் போனால் திசுவில் தெரிவதைத் தவறாகப் படிக்க வாய்ப்பு அதிகம்.

ரத்த அணு சார்ந்த குறைபாடுகளில் பலவற்றுக்கு வேரோடு தீர்வு, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை. 1968-இல் மினசோட்டாவில் ராபர்ட் குட் கடும் கூட்டுக் குறைபாடு கொண்ட குழந்தைக்கு இதைச் செய்து காட்டினார். இன்று புற்று வரும் வரை காத்திராமல், தொற்றுகள் உறுப்புகளைச் சிதைக்கும் முன்னரே செய்வது நல்ல பலன் தருகிறது. எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. ஏ-டியில் நரம்புச் சிதைவை மஜ்ஜை மாற்றினாலும் தடுக்க முடியாது.

பொருந்தும் கொடையாளர் கிடைக்காதவர்களுக்காக மரபணுச் சிகிச்சை வந்தது. 1999-இல் பாரிஸில் அலைன் ஃபிஷர், மரீனா கவாஸானா குழு, கடும் கூட்டுக் குறைபாடு கொண்ட பிள்ளைகளின் மஜ்ஜைச் செல்களிலேயே சரியான மரபணுவை வைரஸ் வாகனத்தில் ஏற்றிச் செலுத்தியது. பிள்ளைகள் குணமானார்கள். பிறகு பாரிஸிலும் லண்டனிலும் சிகிச்சை பெற்ற 20 பேரில் ஐவருக்கு லுகேமியா வந்தது, ஒருவர் இறந்தார். வாகனமாகப் பயன்பட்ட வைரஸ், புற்றைத் தூண்டக்கூடிய மரபணு ஒன்றின் பக்கத்தில் போய் அமர்ந்து அதை முடுக்கிவிட்டிருந்தது. விஸ்காட்-ஆல்ட்ரிச் நோய்க்கு ஜெர்மனியில் நடந்த சோதனையில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு லுகேமியா. புற்று அபாயத்திலிருந்து காக்கத் தரப்பட்ட மருந்தே புற்றானது அந்தக் குடும்பங்களுக்கு எத்தகைய அடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆராய்ச்சியாளர்கள் காரணத்தை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். பக்கத்து மரபணுவைத் தூண்டாத வகையில் லென்டிவைரஸ் வாகனங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு எதிர்ப்புக் குறைபாடுகளுக்குப் பின்னர் செய்த சிகிச்சைகளில் அந்தத் துயரம் அதே போல் திரும்பவில்லை. குறிப்பிட்ட பழுதை மட்டும் தணிக்கும் மாத்திரைகளும் வந்துவிட்டன: ஓயாத பி.ஐ.3 கைனேஸை அடக்கும் லெனியோலிசிப் 2023-இலும், மரு மிகுந்து வரும் விம் நோய்க்கு மாவோரிக்ஸாஃபோர் 2024-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இந்நோய்களில் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும். நெருங்கிய உறவில் திருமணம் நடக்கும்போது அதற்கான வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டில் மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் முடிக்கும் திருமணங்கள் இன்றும் கால் பங்குக்கு மேல் இருப்பதைத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. சொந்தத்தில் திருமணம் செய்த பெரும்பாலோருக்கு நலமான குழந்தைகளே பிறக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தை இப்படி இறந்திருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது தள்ளிப்போடக் கூடாத காரியம். மும்பையின் தேசிய நோய்த்தடுப்பு ரத்தவியல் நிறுவனமும் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனமும் இந்தத் துறையில் நெடுநாளாக உழைத்து வருகின்றன. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கை, கடும் கூட்டுக் குறைபாடு, விஸ்காட்-ஆல்ட்ரிச் உள்ளிட்டவற்றை மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு உதவி பெறும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு.

நோயாளியின் உறவினர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏ-டி குழந்தையின் தாயும் தந்தையும் ஆளுக்கு ஒரு பழுதான ஏ.டி.எம். மரபணுவைச் சுமப்பவர்கள். அவர்களுக்கு நடை தள்ளாடாது, எதிர்ப்பாற்றலும் குறையாது. ஆனால் அந்தத் தாய்க்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். குழந்தையின் நோய் உறுதியான அன்றே அம்மாவுக்கும், அதே மரபணு இருக்கக்கூடிய சித்தி, பெரியம்மா, அத்தை ஆகியோருக்கும் இதை எடுத்துச் சொல்லி, மார்பகப் பரிசோதனையை வழக்கமான வயதுக்கு முன்பே தொடங்க ஏற்பாடு செய்யலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைகளுக்கு அலையும் தாய்மார்கள் தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள நேரம் ஒதுக்குவது அரிது. ஆகவே அந்தப் பரிசோதனைக்கு நாள் குறித்துத் தருவதைக் குழந்தையின் மருத்துவரே செய்வது நல்லது.